பவானியின் போனைத் திறக்க மறுத்தது பற்றி

முகாம் நீதிமன்றம் நடத்த நாளை கப்பலில் வரும் நடுவர் அவர்களிடம் கொடுப்பதற்காக, 21.08.2025 வியாழக்கிழமை காலையில் தொடங்கி 22.08.2025 வெள்ளிக்கிழமை மாலையில் எழுதி முடித்தது.

என் பெயர் நாகமுத்து. தகப்பனார் பெயர் சடையாண்டி. வயது எழுபத்தொன்று. லிட்டில் அந்தமான் தீவில் ஹட் பேயிலிருந்து போகும் ரோட்டில் எட்டாவது கிலோமீட்டர் குடியிருப்பில் இருக்கிறேன். முன்பு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டினேன். தோட்டம் மூடிய பிறகு, சும்மா கிடக்கும் எண்ணெய் ஆலைக்குக் காவல் இருக்கிறேன். மனைவி இறந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை.

இதை எனக்காக வேறு யாரும் எழுதவில்லை. நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. மேலே என் பெயரை நானே எழுதியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தச் சமயத்தில் அப்படி எழுதுவது சரியில்லை என்று தெரியும். நடந்ததை எல்லாம் எழுதச் சொன்னதால் அதையும் எழுதினேன்.

எட்டாவது கிலோமீட்டரில் வீடுகளுக்குள் போன் சிக்னல் வராது. ஆலை வாசலில் லாரி எடை போடும் மேடை மேல் மட்டும் வரும். பாக்குத் தோட்டத்துக்கும் கடலுக்கும் ரோட்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு அங்கே போனை வைத்துக்கொண்டு உபயோகம் இல்லை. அதனால் காலையில் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் காவல் கொட்டகையில் ஒரு பலகையில் ஆணி அடித்து, மழைக்குப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஆளுக்கு ஓர் ஆணியில் மாட்டி வைப்பேன். கப்பல் டிக்கெட்டுக்கு வரும் ஓடிபி, பேங்க் மெசேஜ், ஆஸ்பத்திரி மெசேஜ் எல்லாம் அங்கேதான் வந்து விழும். ஓடிபி வந்தால் என் பட்டன் போனிலிருந்து பஜாரில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடையைக் கூப்பிட்டு எண்ணைச் சொல்வேன். எண்கள் எனக்கு முன்பே தெரியும். எழுத்துதான் தெரியாது. எழுத்தாக வந்தால், அந்த வழியாக யார் போனாலும் நிறுத்திப் படிக்கச் சொல்லிக் கேட்டு வைத்துக்கொண்டு, சாயந்தரம் போன்காரர் வந்ததும் சொல்லிவிடுவேன். எட்டு வருடமாக இப்படித்தான். இதில் தப்பு இருக்கிறது என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் இந்த வாரம் வரை தோன்றவில்லை.

பவானி என்னோடு குலை வெட்டிய மாடசாமியின் மகள். மாடசாமி உயிரோடு இல்லை. அவள் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். அவள் கணவர் ரவிசங்கர் மெயின்லேண்டிலிருந்து வந்து ரோட்டுக் காண்டிராக்ட் எடுப்பவர். இந்த வழக்கில் புகார் கொடுத்தவர் அவர்தான். அவர்களுக்கு அபி என்று ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை.

ரவிசங்கர் பவானிக்கு ஒரு நல்ல டச் போன் வாங்கிக் கொடுத்தார். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவர் போனில் தெரியும்படி அதில் ஏதோ செய்து வைத்திருந்தார். பஜாரில் ரேஷன் கடையில் வரிசை நீண்டால் போன் வரும். ஒருமுறை என் கண் முன்னாலேயே வந்தது. ஆலை மேடையில் என்னோடு இரண்டு வார்த்தை பேச நின்றாள். உடனே மணி அடித்தது. அவள் எடுத்து, "பெரியப்பாகிட்டதாங்க, பெரியப்பாகிட்டதான்" என்று மூன்று தடவை சொன்னாள். பிறகு போனை என் காதில் வைத்து, "நீங்களே சொல்லுங்க" என்றாள். நானும் சொன்னேன். அதன் பிறகு அவள் என்னிடம், "நான் எங்க நின்னாலும் அவரு போன்ல ஒரு நீலப் புள்ளி நிக்குது பெரியப்பா, அதுதான் நான்" என்றாள்.

போன வருடம் நவம்பர் மாதத்தில் பவானிக்கு வலது கை ஒடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் ரவிசங்கர் டைப் அடித்த ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தார். "குடும்பம் ஒத்துமையா இருக்கணும்னு எழுதியிருக்கு, பெரியவங்க நீங்க சாட்சி போட்டா நல்லாருக்கும்" என்று சொன்னார். நான் கட்டைவிரலை வைத்தேன். அதன் பிறகு ஒரு மாதம் கழித்து அங்கன்வாடி டீச்சர் மங்கையர்க்கரசி அந்தத் தாளின் நகலைப் பார்த்துவிட்டு எனக்குப் படித்துக் காட்டினார். பவானி குளியலறையில் தானாக வழுக்கி விழுந்தாள், கணவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அவள் அடிக்கடி புத்தி தடுமாறிப் பேசுகிறவள் என்று அதில் இருந்தது. கீழே என் விரல். இப்போது அந்தத் தாளை ரவிசங்கர் ஸ்டேஷனில் கொடுத்திருக்கிறார். அந்த விரல் ரேகை என்னுடையதுதான். அதற்கு மேல் இருக்கும் எழுத்து எதுவும் என் சாட்சி இல்லை. ஜனவரி மாதத்திலிருந்து அங்கன்வாடியில் டீச்சர் சாயந்தரம் நடத்தும் வகுப்புக்குப் போனேன்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலையில் பவானி அபியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆலைக்கு வந்தாள். தோளில் ஒரு பை மட்டும் இருந்தது. போனை என்னிடம் கொடுத்து, எப்போதும் போல ஆணியில் மாட்டி வைக்கச் சொன்னாள். நீலப் புள்ளி எட்டாவது கிலோமீட்டரிலேயே நிற்கட்டும் என்றாள். பேங்க், ஆதார், கேஸ், குழந்தையின் பேப்பர் எல்லாம் அந்த நம்பரில் இருப்பதால் அதைத் தூக்கிப் போடவும் முடியாது, ஓடிபி வந்தால் எண்ணை மட்டும் அவள் புது நம்பருக்குச் சொல்ல வேண்டும் என்றாள். அதற்காக என் கட்டைவிரலை அந்தப் போனில் திரும்பத் திரும்ப வைத்துப் பதிவு செய்தாள். பனைமுள் கிழித்துக் கிழித்து என் விரலில் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் மெஷின் பாதி நாள் எடுக்காது. போனும் லேசில் எடுக்கவில்லை. அபி, "தாத்தா விரலு ரப்பரா?" என்று கேட்டாள். பவானி சிரித்தாள். அதன் பிறகு விரல் எடுக்காவிட்டால் போட வேண்டிய எண்ணையும் சொல்லிவிட்டு, அவள் போனாள். எந்தக் கப்பல், எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு வயது இருபத்தெட்டு. யாரும் அவளைக் கடத்தவில்லை. நான் கடத்தினேன் என்பது பொய்.

அன்று சாயந்தரம் ரவிசங்கர் ஆலைக்கு வந்து பலகையில் மாட்டியிருந்த போனைப் பார்த்தார். போன்காரரிடம்தான் கொடுப்பேன் என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மனைவி மெயின்லேண்டில் அத்தை வீட்டுக்குப் போயிருப்பதாக ஊரில் சொன்னார். அப்போது அந்தப் போனில் ஒன்றும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

பவானி ஞாயிற்றுக்கிழமைகளில் என் பட்டன் போனுக்குக் கூப்பிடுவாள். ஆகஸ்ட் பத்தாம் தேதி கூப்பிட்டபோது, எனக்குப் படிக்க வந்துவிட்டது, பஸ்ஸில் எழுதியிருப்பதும் சிமெண்டு மூட்டையில் எழுதியிருப்பதும் இப்போது பேசுகிறது என்று சொன்னேன். அதன் பிறகு நான்தான் கேட்டேன்.

"தாயி, எனக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் லெட்டர் போட்டதில்ல. நீ ஒண்ணு போடேன்."

"லெட்டரா? யாரு பெரியப்பா இந்தக் காலத்துல லெட்டர்! மெசேஜ் போடுறேன். உங்க டப்பா போன்ல தமிழ் வராது, என் பழைய போனுக்கே போடுறேன். ஆனா படிச்ச உடனே அழிச்சிரணும். சரியா?"

சரி என்றேன். எப்படி அழிப்பது என்றும் சொல்லிக் கொடுத்தாள்.

பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மெசேஜ் வந்தது. ஆட்டோ ஓட்டும் நாகராஜ் தன் போனை எடுக்க வந்திருந்தான். நான் மேடை மேல் உட்கார்ந்து, கண்ணாடி போட்டு, விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மனதுக்குள் படிக்க வராது. வகுப்பில் எல்லோரும் உரக்கப் படித்துத்தான் பழகினோம். சத்தம் காதில் விழுந்தால்தான் எனக்கு அர்த்தம் வரும். நாகராஜ் பார்த்துவிட்டு, "அரே தாத்தா! க்யா பாத் ஹை! பிரமாதம்! நிறுத்தாதீங்க, முதல்லேர்ந்து படிங்க, வீடியோ எடுக்குறேன்" என்றான். நான் தலையை வாரிக்கொண்டேன். அதையும் எழுதுகிறேன். பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு முதலிலிருந்து படித்தேன்.

பெரியப்பா, நீங்கள் படிக்கிறீர்கள் என்று கேட்டு அழுதுவிட்டேன், நானும் அபியும் நன்றாக இருக்கிறோம், தையல் கடையில் வேலை, கடைக்கு மேலேயே ரூம், அபி இங்கே பள்ளிக்கூடம் போகிறாள் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துப் படித்தேன். அடுத்த வரியில் இப்போது நாங்கள் இருக்கிற ஊர் என்று இருந்தது. அதைப் படித்ததும் கண்ணாடியில் வியர்வை வழிந்ததால் துடைக்க நிறுத்தினேன். நாகராஜ், "போதும் தாத்தா, ஹீரோ ஆயிட்டீங்க" என்று வீடியோவை நிறுத்திவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனான். அவன் போன பிறகு மிச்சத்தைப் படித்தேன். அந்த ஊர்ப் பெயர் நீளமா குட்டையா என்றுகூட எழுத மாட்டேன். அதற்கும் கீழே, இனிமேல் ஞாயிற்றுக்கிழமைதோறும் எழுதுகிறேன், நீங்களும் பதில் எழுதப் பழக வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

நாகராஜ் அந்த வீடியோவை ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டான். எழுபத்தொரு வயதில் படிக்கும் எங்கள் தாத்தா என்று மேலே எழுதியிருந்தான். அவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. சாயந்தரம் போன் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். மங்கையர்க்கரசி டீச்சர் கேசரி கிண்டிக்கொண்டு வந்தார். எங்கள் குடியிருப்பு ரெங்கம்மா தன் போனில் அதைப் போட்டுக் காட்டினாள். நானும் பார்த்தேன். மறுபடி போடச் சொல்லிப் பதினொரு தடவை பார்த்தேன். அதில் என்ன படிக்கிறேன் என்பதை நான் கேட்கவில்லை. படிக்கிறேன் என்பதை மட்டும் கேட்டேன். கூடியிருந்தவர்களிலும் யாரும் கேட்கவில்லை.

அன்று இரவு வரை எனக்கு மெசேஜை அழிக்க நேரம் இருந்தது. விரல் வைத்துத் திறந்தேன். அழிக்கும் இடத்துக்கும் வந்தேன். நாகமுத்து பெரியப்பாவுக்கு என்று என் பெயர் போட்டு ஆரம்பித்த முதல் எழுத்து அது. நாளைக்கு அழிக்கலாம் என்று மாட்டி வைத்துவிட்டேன். இந்த வழக்கில் என்னுடைய குற்றம் ஏதாவது இருந்தால் அது இதுதான்.

பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ரவிசங்கர் பொலேரோவில் வந்து இறங்கினார். கையில் தன் போனை வைத்திருந்தார். அதில் என் குரல் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் என்ற சொல்லோடு நின்றது. அவர் மறுபடி போட்டார். மறுபடி நின்றது.

"பெரியவரே, நல்லாப் படிக்கிறீங்க. மிச்சத்தையும் படிங்க."

"அது எனக்கு வந்த மெசேஜுங்க."

"போன் யார் வாங்கிக் குடுத்தது? நான் என்ன கொலையா பண்ணப் போறேன்? என் பொண்டாட்டி, என் புள்ள. எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியக் கூடாதா?"

"தெரியணும்னா அவளே சொல்லுவாளுங்க."

அதன் பிறகு அவர் பலகையிலிருந்து பவானியின் போனை எடுத்தார், எடுத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைவிரலைப் போனின் பின்பக்கம் வைத்து அழுத்தினார், அது எடுக்கவில்லை, என் விரலைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார், அப்போதும் எடுக்கவில்லை, ஐந்தாவது தடவைக்குப் பிறகு போன் விரலைக் கேட்பதை நிறுத்திவிட்டு எண்ணைக் கேட்டது. எண்ணைச் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை. என் கையை விடாமலே மறுபடி கேட்டார். சத்தம் போடவில்லை. அவர் எப்போதும் சத்தம் போட மாட்டார். அந்த நேரத்தில் போன் கொடுக்க ஆட்கள் வரத் தொடங்கியதால் கையை விட்டார். போனை ஆணியில் மாட்டி, மாட்டிய பையை நேராக்கிவிட்டு, "இதை எப்படித் தொறக்கணுமோ அப்படித் தொறக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மணிக்கட்டில் இன்னும் வீக்கம் இருக்கிறது.

பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்து, மனைவியையும் குழந்தையையும் கடத்தியதற்கு நான் உடந்தை என்று புகார் வந்திருப்பதாகச் சொல்லி, பலகையில் மாட்டியிருந்த பதினேழு போன்களையும் என் பட்டன் போனையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பவானியின் போன் மட்டும்தானே வேண்டும் என்று கேட்டேன். எது எது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு அரிசிச் சாக்கில் எல்லாவற்றையும் போட்டார்கள். ஒன்றோடு ஒன்று இடிக்கும் சத்தம் கேட்டது. சாக்குக்குள்ளேயே ஒரு போன் மணி அடித்தது. ரெங்கம்மாவின் போன் என்று அந்தப் பாட்டை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

சாயந்தரம் ஊர் முழுவதும் ஆலை வாசலுக்கு வந்தது. போர்ட் ப்ளேயர் போக டிக்கெட் போட வேண்டியவர்கள் இருந்தார்கள். ரெங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷனுக்குத் தேதி சொல்லி மெசேஜ் வர வேண்டியிருந்தது. அவள்தான் முதலில் பேசினாள்.

"ஏம் அண்ணா, ஒரு பொம்பளை போனுக்காக ஊரு போன் எல்லாம் போணுமா? ஒத்தை நம்பரு சொன்னா ஆச்சு. புருஷன்தானே கேக்குறாரு, பாகிஸ்தான்காரனா கேக்குறான்?"

இரண்டு மூன்று பேர் அதையே சொன்னார்கள். நாகராஜ் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். அவர்கள் போன பிறகு நாகராஜ் வந்து வீடியோவை அழித்துவிட்டதாகச் சொன்னான். பார்த்தவர்களிடமிருந்து அழிக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றான். அவன் அழுதான்.

அதன் பிறகு அன்று இரவு எட்டு மணி வாக்கில் ரெங்கம்மா தனியாக என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். என் போனையும் பார்த்துட்டாங்களா அண்ணா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் போகவில்லை. எல்லாத்தையும் பார்ப்பாங்களா, பழசையுமா என்று கேட்டாள். அவள் போனில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் போன பிறகு இன்னொருவர் வந்தார். காலைக்குள் ஏழு பேர் வந்தார்கள். எல்லோரும் நல்ல மனிதர்கள். போன் எப்போது வரும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பார்த்துவிட்டார்களா என்றுதான் கேட்டார்கள். மறுநாள் ஸ்டேஷனுக்கு ரெங்கம்மா எனக்குச் சோறு கொண்டுவந்தாள். தூக்குவாளியை வைத்துவிட்டு, "தெறக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இருபதாம் தேதி புதன்கிழமை என்னை விசாரித்தார்கள். தமிழ் தெரிந்த தலைமைக் காவலர் ஜெகநாதன் எழுதினார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "பெருசு, ரெண்டு வழிதான். நம்பரைச் சொன்னா இப்பவே வீட்டுக்குப் போகலாம். இல்லைன்னா போனை போர்ட் ப்ளேயருக்கு அனுப்பி மெஷின்ல தொறப்பாங்க. எப்படியும் தொறக்கும். உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல?" என்றார். திறந்தால் அதில் இருப்பது யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். ஃபைலில் வரும் என்றார். ஃபைல் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். புகார் கொடுத்தவருக்கு நகல் வாங்க உரிமை உண்டு என்றார். அதன் பிறகு நான் சொன்னவற்றை அவர் எழுதி முடித்து எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். கதவு திறந்திருந்தது. ரவிசங்கர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கப்பை வாயருகே வைத்தபடி குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். போர்ட் ப்ளேயர் வரை திங்கட்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகவும், அங்கிருந்து எங்கே போவது என்பது மட்டும்தான் தெரிய வேண்டும் என்றும் அவர் ஜெகநாதனிடம் சொன்னதை நான் கேட்டேன்.

ஆகையால் என் வாக்குமூலத்தை நானே எழுதி நடுவர் அவர்கள் கையிலேயே கொடுக்கிறேன் என்று கேட்டேன். ஜெகநாதன் சிரித்து, "நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள அடுத்த மழைக்காலம் வந்துரும் பெருசு" என்றார். ஆனாலும் தாளும் பேனாவும் கொடுத்தார். நேற்றுக் காலை முதல் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத இரண்டு மணி நேரம் ஆகிறது.

பவானியின் போன் அந்த மேசை மேல் இருக்கிறது. சாட்சிப் பொருள் என்று ஒரு சீட்டு ஒட்டி, முகம் மேலே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். அணைக்கவில்லை. சார்ஜும் போட்டிருக்கிறார்கள். பூட்டியிருந்தாலும் மெசேஜ் வந்தால் அந்தப் போனின் முகத்தில் முதல் இரண்டு வரி தெரியும். பவானி ஊர்ப் பெயரை இன்னொரு தடவை எழுதுவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியாது. அபியின் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதலாம். கடைக்காரரின் பெயரை எழுதலாம். வீடியோ வெளியே போனது அவளுக்குத் தெரியாது. அவள் புது நம்பர் என் பட்டன் போனுக்குள் இருக்கிறது. முதல் ஆறு எண்கள் எனக்கு நினைவிருக்கிறது. மற்ற நான்கை இரண்டு நாளாக யோசிக்கிறேன். வரவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை எழுதுவாள். நான் கேட்டதற்காக எழுதுவாள்.

இன்று மூன்று மணிக்கு நான் இதற்கு முந்திய பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அந்தப் போன் அதிர்ந்து வெளிச்சம் போட்டது. ரவிசங்கர் வராந்தாவிலிருந்து எழுந்து வந்தார். நானும் எழுந்தேன். நாற்காலி விழுந்தது. அவர் என்னைவிட முன்பே குனிந்து படித்தார். ஏதோ கம்பெனியின் விளம்பரம். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்து, "உக்காருங்க பெரியவரே, விழுந்திரப் போறீங்க" என்று நாற்காலியை எடுத்துப் போட்டார். அதன் பிறகு அவர் வராந்தாவுக்குப் போகவில்லை. மேசைக்குப் பக்கத்திலேயே பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இப்போதும் உட்கார்ந்திருக்கிறார். நான் இந்தத் தாளை இடது கையால் மறைத்து எழுதுகிறேன்.

நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாளை தாங்கள் கப்பலிலிருந்து இறங்கியதும் மற்ற எந்த வழக்குக்கும் முன்னால் அந்தப் போனை அணைக்கச் சொல்லுங்கள். எடுத்துக்கொண்டு போய் இரும்புப் பெட்டியில் வைத்தாலும் சரி, கடலில் போட்டாலும் சரி, அணைத்துவிட்டுச் செய்யுங்கள். பவானி தன் இஷ்டத்தில் போனாளா என்று தெரிய வேண்டுமானால், என் பட்டன் போனில் இங்கிலீஷ் பி என்ற எழுத்தில் அவள் நம்பர் இருக்கிறது. தாங்களே தனி அறையில் இருந்து, கதவைச் சாத்திவிட்டு, அவளிடமே கேளுங்கள். அவள் சொல்வதை எங்கேயும் எழுத வேண்டாம். என் மேல் வழக்கு நடக்கட்டும். எண்ணைச் சொல்லாததற்குச் சிறை என்றால் போகிறேன். மற்ற பதினாறு போன்களையும் திறக்காமல் அந்தந்த ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். திறந்துவிட்டிருந்தால் அதையாவது அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் தூங்கவில்லை.

இந்த ஒன்பது பக்கங்களையும் யாரும் சொல்லித்தராமல், யாரும் மிரட்டாமல், நானே எழுதி, நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் படித்தேன். என்னால் முடிந்தது. இதில் எழுதியவை அனைத்தும் உண்மை. எனக்குத் தெரிந்தும் எழுதாமல் விட்டது ஓர் ஊரின் பெயரும் ஓர் எண்ணும். கேட்டால் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். தெரியும். சொல்ல மாட்டேன்.

ச. நாகமுத்து
(கையெழுத்து)